பரிசுத்த வாழ்க்கை: கூட்டம் முடிந்த பிறகு வரும் கேள்விகள்

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன வேதபாடக் கூட்டம் நடக்கிறது. பாடத்தின் நடுவே "கேள்வி இருக்கா?" என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ குடித்து, பாதி பேர் செருப்பு மாட்டிக் கிளம்பிய பிறகு யாராவது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்" என்பார். பதினைந்து வருஷமாக அப்படிக் கேட்கப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவை இவை. நான் ஐயர் (சபைப் போதகர்) இல்லை, இரும்புக்கடை வைத்திருக்கிறவன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே சொல்கிறேன், வாயில் அதுதான் வருகிறது.

பரிசுத்தம் என்றால் என்ன? பாவம் செய்யாமல் இருப்பதுதானே?

நம் தமிழ்ச் சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பி விடுகிறது. பரிசுத்தம் என்றதும் சுத்தம்தான் மனதில் வருகிறது, வெளுத்த வேட்டி மாதிரி. எபிரெயத்தில் உள்ள 'காதோஷ்' என்ற சொல்லுக்கு, ஒருவருக்கென்று பிரித்து வைக்கப்பட்டது என்று பொருள் சொல்வார்கள். ஆலயத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துப் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுச் சொம்பைவிட அது பளபளப்பாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் அதில் யாரும் மோர் ஊற்றிக் குடிக்க மாட்டோம். அது இன்னாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று பேதுரு எழுதுவது (1 பேதுரு 1:16) லேவியராகமத்திலிருந்து எடுத்தது. 19ஆம் அதிகாரத்தில் இதே கட்டளை வருகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். தாய் தகப்பனுக்குப் பயந்திரு. அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை. கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை கையில் வைத்துக்கொள்ளாதே. செவிடனை நிந்திக்காதே. கோள் சொல்லித் திரியாதே. நரைத்தவர் வந்தால் எழுந்திரு. கடைசியில் தராசு, நிறைகல், மரக்கால், படி. பரிசுத்தத்தைப் பற்றிய அதிகாரம் கடைத்தெருவில் வந்து முடிகிறது! ஜெபம் எத்தனை மணி நேரம் என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. ஜெபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, மோசேக்குக் கொடுக்கப்பட்ட பட்டியல் எங்கே நிற்கிறது என்று காட்டுகிறேன்.

கன்வென்ஷனில் (மூன்று நாள் பந்தல் கூட்டத்தில்) அழுது என் வாழ்க்கையைத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கிறேன். இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறேன். அப்படியானால் என் ஒப்புக்கொடுத்தல் பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் எப்படி இருந்தது என்று யோசியுங்கள். வேலைக்கு லீவு. சாப்பாடு பந்தலில். சுற்றிலும் ஆயிரம் பேர் பாடுகிறார்கள். கடன்காரன் போன் வந்தாலும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் இதில் ஒன்றுகூட இல்லை. அங்கே ஏறியது உங்கள் கால் மட்டுமில்லை, எஸ்கலேட்டர் மாதிரி படிக்கட்டும் கூடவே ஏறியது.

1875இல் இங்கிலாந்தின் வடக்கே கெசிக் என்ற ஊரில், பரிசுத்த வாழ்க்கைக்கென்றே கூடாரம் போட்டு ஒரு கன்வென்ஷன் ஆரம்பித்தார்கள். அங்கே நாளுக்கு ஒரு பொருள் என்று வரிசை வைத்திருந்தார்கள்: பாவம், அதற்குக் கிறிஸ்துவில் உள்ள பரிகாரம், ஒப்புக்கொடுத்தல், ஆவியின் நிறைவு, ஊழியம். நம் ஊர்ப் பந்தல்களிலும் ஏறக்குறைய இதே படிகளைப் பார்க்கலாம். நல்ல வரிசைதான். ஒரு வாரத்துக்கான வரிசை என்பதுதான் சிக்கல். மீதி 51 வாரத்துக்கு நாம் ஒன்றும் போட்டு வைப்பதில்லை.

நான் சொல்லும் யோசனை சின்னது. "என் வாழ்க்கை முழுவதையும் தருகிறேன்" என்று ஜெபித்தால், அன்றைக்கே பேனா எடுத்து அந்த 'முழுவதும்' என்பதில் திங்கட்கிழமைக்கு உரிய பங்கு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். "வரப்புத் தகராறில் அண்ணனோடு பேச்சில்லாமல் இருக்கிறேன், செவ்வாய்க்கிழமை நானே போன் பண்ணுவேன்." இவ்வளவு போதும். முழுவதையும் கொடுத்தவர்கள் பலர் அந்த ஒரு போனைப் பண்ணாமலே அடுத்த கன்வென்ஷனுக்கு வந்து, மறுபடியும் முழுவதையும் கொடுக்கிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

புத்தாண்டு ராத்திரி ஆராதனைத் தீர்மானங்களுக்கும் இதே பதில்தான். வாக்குத்தத்த அட்டையை (அந்த வருஷத்துக்கென்று கொடுக்கும் வசன அட்டை) பீரோ கண்ணாடியில் சொருகிவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்கிறோம்.

பாவமே செய்யாத நிலையை இந்த உலகத்தில் அடைய முடியுமா?

இதில் தேவமனிதர்களே ஒத்துப்போகவில்லை. 1517இல், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் வெளியிட்ட 95 வாசகங்களில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதல்தான் என்கிறது. இருநூறு வருஷத்துக்குப் பின் வந்து மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியோ, தேவனிடத்திலும் பிறரிடத்திலும் அன்பு முழுமையாகி, தெரிந்து பாவம் செய்யாத நிலை இந்த வாழ்க்கையிலேயே கிடைக்கும் என்று போதித்தார். தான் அதை அடைந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

யோவானின் முதலாம் நிருபமே இரண்டையும் சொல்கிறது. நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்று 1:8. தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யான் என்று 3:9. பின்னது, பாவத்தையே பிழைப்பாக வைத்துக்கொண்டு தொடர்வதைக் குறிக்கிறது என்று பலர் விளக்கம் தருகிறார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. "நான் பாவமே செய்வதில்லை" என்று சாட்சி சொன்ன ஒருவரை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவர் மனைவி அந்த நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே பாவத்தில் நூறு தடவை விழுந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

இந்த வெட்கம்தான் ஆபத்து. விழுந்ததைவிட, விழுந்த பிறகு நாம் எத்தனை நாள் அங்கேயே கிடக்கிறோம் என்பதைக் கவனியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். செவ்வாய்க்கிழமை விழுகிறவர் உடனே எழுந்திருப்பதில்லை. "இந்த அழுக்கோடு எப்படி ஜெபிப்பது, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறார். எப்படியும் கெட்டுப்போயிற்று என்று புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அதே பாவம். ஒரு விழுகை நான்கு விழுகை ஆவது இப்படித்தான்.

"நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" (நீதிமொழிகள் 24:16). அங்கே அவனை நீதிமான் என்றே அழைக்கிறது, ஏழாவது தடவையும். செவ்வாய்க்கிழமை விழுந்தால் செவ்வாய்க்கிழமையே, அதே அறையில், அதே அழுக்கோடு, பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9ஐச் சொல்லி அறிக்கை செய்யுங்கள். முதலில் ஐந்து நாளாக இருந்த இடைவெளி ஒரு நாளாகும், அப்புறம் ஒரு மணி நேரமாகும். நான் பார்த்த வரையில், நிலையாக நிற்கிறவர்கள் விழாதவர்கள் இல்லை, சீக்கிரம் எழுந்திருக்கிறவர்கள்.

அப்படியானால் தைரியமாகப் பாவம் செய்யலாமா என்று உடனே ஒருவர் கேட்பார். ரோமர் 6ஆம் அதிகாரம் அதே கேள்வியோடுதான் தொடங்குகிறது. கூடாது என்பதுதான் பதில்.

ராத்திரி போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன். எவ்வளவு ஜெபித்தும் விட முடியவில்லை.

ஜெபிக்கும்போது போன் எங்கே இருக்கிறது? தலையணைக்கு அடியிலா? யோசேப்பு போத்திபாரின் வீட்டில் உபவாசம் இருந்து பலம் கேட்டதாக எழுதியிருக்கவில்லை. எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான் (ஆதியாகமம் 39). "விலகியோடு" என்றுதான் பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், நின்று ஜெயித்துக் காட்டு என்று எழுதவில்லை. தாவீதையும் பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் அவன் எருசலேமில் தங்கிவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவினான் (2 சாமுவேல் 11). பாவம் அடுத்தவன் மனைவியான பத்சேபாளைக் கண்டபோது தொடங்கியது என்கிறோம், வேலை இல்லாத அந்தச் சாயங்காலத்திலேயே பாதி வந்துவிட்டது.

சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். பத்து மணிக்குப் போன் அங்கே போய்விட வேண்டும். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பார்கள், கடிகாரக் கடையில் அலாரம் கடிகாரம் இன்னும் விற்கிறார்கள். இதெல்லாம் ஆவிக்குரிய யோசனையா என்று ஒரு தம்பி சிரித்தான். சிரித்தாலும் மாற்றினான். அப்புறம், இதை ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். இருட்டில் இருக்கும் வரைதான் இதற்குப் பலம்.

யாரிடம் சொல்வது? சபையில் ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடுமே!

இந்தப் பயம் நியாயமானது. நம் சபைகளில் கோள் சொல்வது ஜெபக் குறிப்பு வேஷத்தில் வரும். "அந்தக் குடும்பத்துக்காகக் கொஞ்சம் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க, என்ன விஷயம்னா…" என்று ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். இதையும் லேவியராகமம் 19 விடவில்லை என்று மேலே பார்த்தோம்.

ஆனாலும் "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்வதை அழிக்க முடியாது. வெஸ்லியின் கதை ஒன்று எனக்குப் பிடிக்கும். 1742இல் பிரிஸ்டலில் ஜெபவீடு கட்டிய கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று ஏற்பாடு. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு. வீடு வீடாகக் காசு வாங்கப் போனவர்கள், ஒரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் குடி என்று வந்து சொன்னார்கள். அப்போதுதான் வெஸ்லிக்குப் பொறி தட்டியது. காசு வசூல் சிறு குழுக் கூட்டமாக மாறியது. வாரம் ஒரு தடவை உட்கார்ந்து, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். மெத்தடிஸ்டு இயக்கத்தின் முதுகெலும்பு கடன் வசூலில் முளைத்தது என்றால் கடைக்காரனான எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆறுதலும் வருகிறது.

பன்னிரண்டு பேர் வேண்டாம். ஒருவர் போதும், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். எப்படித் தேர்ந்தெடுப்பது? அவர் உங்களிடம் மற்றவர்களைப் பற்றி என்ன பேசுகிறார் என்று ஒரு மாதம் கவனியுங்கள். இன்னொருவர் ரகசியத்தை உங்களிடம் சொன்னவர் உங்கள் ரகசியத்தையும் சொல்வார்.

அதிகாலை ஜெபம் அடிக்கடி தவறிவிடுகிறது.

கைக்குழந்தை இருக்கிறதா? இருந்தால், தூங்குங்கள். தானியேல் மூன்று வேளை ஜெபித்தான் (தானியேல் 6:10). அந்த மூன்றும் காலை நான்கு மணி என்று யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒரு சங்கீதம், ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஒரு அதிகாரம், இப்படியே தொடருங்கள்.

நகையைக் கழற்ற வேண்டுமா, சினிமா கூடாதா, வெள்ளை உடைதான் உடுத்த வேண்டுமா?

உங்கள் மனச்சாட்சி நகையைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். பக்கத்தில் இருப்பவரின் காதை எட்டிப் பார்க்காதீர்கள். 1 பேதுரு 3இல் புறம்பான அலங்கரிப்பைப் பற்றிச் சொல்கிற அதே அதிகாரம், புருஷர்கள் மனைவியைக் கனம்பண்ணாவிட்டால் அவர்கள் ஜெபத்துக்குத் தடை வரும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டுவிட்டேன். ஏழாம் வசனத்தை வைத்து ஒரு முழுப் பிரசங்கம் கேட்க இன்னும் காத்திருக்கிறேன்.

வியாபாரத்தில் உண்மையாக இருந்தால் பிழைக்க முடியுமா?

இதில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். கடையில் ஆணியைத் தகரத் தட்டில் போட்டுத்தான் நிறுப்போம். எலக்ட்ரானிக் தராசில் தட்டை வைத்து, பூஜ்யம் பொத்தானை அழுத்திவிட்டு ஆணியைப் போட வேண்டும். கூட்ட நேரத்தில் கடைப் பையன் அழுத்த மாட்டான். தட்டு 60 கிராம். அரைக் கிலோ கேட்டவருக்கு 440 கிராம் போகும். எனக்குத் தெரியும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, திருத்தவும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் வேதபாடமும் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் லேவியராகமம் 19இன் கடைசி வசனங்களுக்கு வந்தோம். "சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும்" என்று ஒரு தங்கச்சி சத்தமாக வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, சுமுத்திரைன்னா என்ன?" என்று கேட்டது. வருஷாவருஷம் அதிகாரி வந்து தராசில் முத்திரை குத்திவிட்டுப் போவார், அந்த மாதிரி, ஒழுங்கான அளவு என்று அர்த்தம் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு உலர்ந்துவிட்டது. என் தராசில் முத்திரை இருந்தது. அதன் மேல் தகரத் தட்டும் இருந்தது.

மறுநாள் பொத்தானுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் அம்புக்குறி போட்டேன். வழக்கமாக வாங்கும் மேஸ்திரி ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு கிலோ ஆணியைச் சும்மா கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும் அண்ணாச்சி" என்றார். அதுதான் வலித்தது. அவர் என்னை எந்த வகைக் கிறிஸ்தவனாக இத்தனை வருஷம் பார்த்திருப்பார்!

வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான் (லூக்கா 19:8). 1930களில் ருவாண்டா, உகாண்டா பக்கம் பரவிய எழுப்புதலிலும், பாவ அறிக்கையோடு திருடியதைத் திருப்பிக் கொடுப்பதும் சேர்ந்தே நடந்தது. பிழைக்க முடியுமா என்றால், லாபம் கொஞ்சம் குறையும். நான் இன்னும் கடையை மூடவில்லை.

வெளியே எல்லோரிடமும் பொறுமையாக இருக்கிறேன். வீட்டில் மட்டும் கோபம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எத்தனை கிறிஸ்தவ வீடுகளில் கத்தல் கேட்கிறது என்று ஒரு கணக்கு எடுக்கலாம். ஷூ காணவில்லை, ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது, "உங்களாலதான் எப்பவும் லேட்டு!" ஆலய வாசலில் வண்டியை நிறுத்தியதும் முகம் மாறி, "தோத்திரம் ஐயா!"

உங்களுக்குப் பொறுமை இருக்கிறது, அதை வெளியாட்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். வீட்டில் கத்தினால் வீட்டிலேயே, பிள்ளைகள் காதுபடவே மன்னிப்புக் கேளுங்கள். "அப்பா கத்தினது தப்பு." காரணம் ஏதும் சேர்க்காமல். "ஆனா நீயும்…" என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பு இல்லை, இரண்டாம் சுற்று.

பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது சாதி பார்ப்பது பாவமா? அது வெறும் வழக்கம்தானே?

கேட்பவருக்குப் பதில் தெரியும். தெரிந்துதான் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். வரன் விளம்பரங்களைப் பாருங்கள், "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை" என்று இருக்கும். அதே வரியில் சாதியும் உட்பிரிவும் இருக்கும்.

இது புதுக் கேள்வி இல்லை. 1833இல் கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முடிவாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆராதனையில் தனித்தனியே உட்காருவதும் திருவிருந்துக்குத் தனித்தனியே வருவதும் அன்று நடந்தது. அறிக்கை வந்ததும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கர்த்தருடைய பந்தியை விட்டாலும் விடுவோம், இதை விட மாட்டோம் என்று! இன்றைக்கு ஒரே பந்திக்கு வருகிறோம். ஆனால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் ஊர் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு.

போனைப் பற்றிக் கேட்கும் இளைஞனுக்காக உபவாசக் கூட்டம் போடுகிறோம். இதற்காக யாராவது உபவாசக் கூட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. வரதட்சணையும் அப்படித்தான். 1961லேயே சட்டம் தடை செய்துவிட்டது, நாம் அதற்கு 'அன்பளிப்பு' என்று பெயர் வைத்து, அழைப்பிதழின் தலையில் ஒரு வசனத்தையும் அச்சடித்துவிடுகிறோம். பாவம்தான். வேறு பதில் என்னிடம் இல்லை.

ஒரு நாளைக்கு இருபது தடவை பாவ அறிக்கை செய்கிறேன். ஆனாலும் மன்னிப்புக் கிடைத்த நிம்மதி இல்லை.

இப்படிக் கேட்பவர்களிடம் நான் பரிசுத்தத்தைப் பற்றி மேலும் பேசுவதில்லை. மடத்தில் இருந்த காலத்தில் லூத்தரும் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, எழுந்து போய், ஒன்று விட்டுப்போயிற்றே என்று திரும்பி வருவாராம். ஒரே நினைப்பு மனதை விடாமல் சுற்றி, கை கழுவுவதுபோல ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால், அது மனதின் நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. மனநல மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடும்போது நாம் அப்படி யோசிப்பதில்லையே.

வயதானால் இந்தப் போராட்டம் ஓயுமா?

இதை நானே எங்கள் கூட்டத்தின் மூத்த ஆச்சியிடம் கேட்டேன். எண்பது தாண்டியவர், இப்போது கட்டிலோடு இருக்கிறார். மாதம் ஒரு தடவை திருவிருந்து கொடுக்க ஐயர் போகும்போது நானும் கூடப் போவேன். ஒரு காலத்தில் அவர் கோபம் தெருவுக்கே தெரியும். ஒரு தடவை மருமகளோடு ஆறு மாசம் பேசவில்லை, ஒரே வீட்டில் இருந்துகொண்டே.

"கோவம் எல்லாம் போயிட்டா ஆச்சி?" என்றேன்.

"எங்கல போகும்! இன்னைக்குக் காலையிலகூட காப்பியில சீனி போட மறந்துட்டா. சுள்ளுன்னு வந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா அவ தம்ளர எடுக்க வர்றதுக்குள்ள போயிட்டு."